பிணை நின்ற கையொப்பம்

தொழில் தெரிந்தவனுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை என்று நம் பெரியோர் கூறுவர். அதை நம்பியே பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்புகிறோம். சான்றிதழ் கைக்கு வந்ததும் நம் கடமை முடிந்ததென ஆறுதல் கொள்கிறோம். ஆனால் திராட்சைத் தோட்ட வேலையாட்களைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையில், பொழுது சாயும்வரை சந்தை வெளியில் நின்றவர்கள் தொழில் தெரியாமல் நின்றதாகச் சொல்லப்படவில்லை. தங்களை அழைப்பார் எவருமில்லை என்பதே அவர்கள் கூறிய விடை. கற்ற கைக்கும் கிடைக்கும் வேலைக்கும் இடையே ஓர் இடைவெளி உண்டு. அந்த இடைவெளியில் வந்து நின்றவர்கள் யாவர், அவர்கள் செய்தது யாது என்பதை மூன்று ஊர்களின் வரலாற்றிலிருந்து காண முயல்வோம்.

கோவில் வாயிலிலிருந்து தொடங்கிய பள்ளி

1771-ஆம் ஆண்டு பாரிசு நகரில் நடந்த ஒரு சந்தையில் பார்வையற்றோர் சிலருக்குக் கோமாளி உடை அணிவித்து, இசைக்கருவிகளைக் கையில் கொடுத்து, வேடிக்கை காட்டினார்கள். கூடியிருந்தோர் சிரித்தனர். அதைக் கண்டு மனம் நொந்தவர் வாலண்டின் ஹாய். 1784-இல் அவர், கோவில் வாயிலில் இரந்துகொண்டிருந்த பிரான்சுவா லெசுயர் என்ற பார்வையற்ற இளைஞனைத் தம் முதல் மாணவனாக ஏற்றார். படிக்க வந்தால் அவனுடைய அன்றாட வருவாய் நின்றுவிடுமன்றோ? இரந்து பெற்றிருக்கக்கூடிய தொகையை ஹாய் தாமே கொடுத்து அவனைப் படிக்க வைத்தார். பயிற்சிக் காலத்தில் ஏழை மாணவனுக்கு உதவித்தொகை வேண்டும் என்ற உண்மை அன்றே உணரப்பட்டது.

1785-இல் அவர் நிறுவிய பள்ளியில் மாணவர்கள் மேடெழுந்த எழுத்துகளைத் தடவிப் படித்தனர். நூல் நூற்றனர், பின்னல் வேலை கற்றனர், அச்சுக் கோத்தனர். 1786-இல் ஹாய் எழுதிய நூலை அம்மாணவர்களே அச்சிட்டார்கள். பின்னாளில் லூயி பிரெயில் பயின்றதும் இப்பள்ளியில்தான்.

அங்கே பயின்ற குளோது மோந்தால் என்பவரின் வரலாறு நம் கருத்துக்கு மிகவும் பொருந்துவது. சிறு வயதிலேயே பார்வை இழந்த அவர், பார்வையற்ற நண்பர் ஒருவருடன் பழைய பியானோ ஒன்றைப் பிரித்து, மீண்டும் பூட்டி, அதன் அமைப்பை விரல்களாலேயே அறிந்துகொண்டார். பள்ளியின் பியானோக்களுக்குச் சுருதி சேர்த்துவந்த பார்வையுள்ள தொழிலாளி இதைக் குறித்து முறையிட, நிர்வாகம் முதலில் தடை விதித்தது. மோந்தாலின் திறமையை நேரில் கண்ட பிறகே பள்ளியின் கருவிகள் அவர் பொறுப்பில் விடப்பட்டன. 1830-இல் அவர் வெளியுலகில் தொழில் தேடியபோது, விலையுயர்ந்த கருவியைப் பார்வையற்றவரிடம் ஒப்படைக்கப் பலர் அஞ்சினர். மோந்தால் பொறுமையுடன் பெயர் ஈட்டினார். 1836-இல் சுருதி சேர்க்கும் கலையைப் பற்றி நூலொன்றும் வெளியிட்டார். அவருக்குப்பின் பியானோவுக்குச் சுருதி சேர்ப்பது பார்வையற்றோர் பலருக்கு மதிப்புள்ள தொழிலாயிற்று. ஒருவர் நுழைந்த வாயில் வழியே பலர் நுழைந்தனர். எனினும், அந்த முதல்வருக்காகப் பேசுவார் இருந்திருந்தால் அவருடைய பாதை அத்துணைக் கடினமாய் இருந்திராது என்று எண்ணத் தோன்றுகிறது.

தூரின் நகரின் ஒப்பந்தத் தாள்

அவ்வாறு பேசுவதற்கு ஒருவர் முன்வந்தால் என்ன நிகழும் என்பதைத் தூரின் நகரில் காண்கிறோம். 1841-இல் குருப்பட்டம் பெற்ற புனித தொன் போஸ்கோ, சிறைகளுக்குச் சென்றபோது ஓர் உண்மையை அறிந்தார். தண்டனை முடிந்து வெளியேறிய சிறுவர் பலர், தம்மை ஏற்றுக்கொள்வார் எவருமின்றி மீண்டும் சிறைக்கே திரும்பிவந்தனர். வேலை தேடிக் கிராமங்களிலிருந்து நகருக்கு வந்த சிறுவர்களின் நிலையும் இரங்கத்தக்கதாகவே இருந்தது. பழைய தொழிற்குழுக்கள் 1844-இல் கலைக்கப்பட்டிருந்தமையால், பழகுநருக்கு அவை அளித்துவந்த காப்பும் இல்லாது போயிற்று. தொழில் கற்பிப்பதாக அழைத்துச் செல்லப்பட்ட சிறுவன், எசமானின் வீட்டு ஏவலாளாக ஆண்டுகளைக் கழிப்பதும் உண்டு.

தொன் போஸ்கோ ஞாயிற்றுக்கிழமைகளில் சிறுவர்களைக் கூட்டியதோடு நின்றுவிடவில்லை. வார நாட்களில் அவர்கள் வேலை செய்த பட்டறைகளுக்கும் கட்டடச் சாரங்களுக்கும் தாமே சென்று நலம் விசாரித்தார். வேலையற்றோருக்கு நல்ல எசமானரைத் தேடித் தந்தார். 1850-இல் சிறுவர்களுக்கெனப் பரஸ்பர உதவிச் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். வாரந்தோறும் சிறுகாசு செலுத்தியவர்கள் நோயுற்றபோது அதிலிருந்து உதவி பெற்றனர்.

அடுத்து அவர் செய்தது, நாம் நிதானமாக எண்ணிப் பார்க்க வேண்டிய செயல். எசமானுக்கும் பழகுநனுக்கும் இடையே எழுத்து வடிவில் ஒப்பந்தங்கள் எழுதச் செய்தார். அவற்றுள் ஒன்று 1852 பிப்ரவரி 8-ஆம் நாள் முத்திரைத் தாளில் எழுதப்பட்டது. பெர்தொலினோ என்ற தச்சரிடம் ஒடாஸ்ஸோ என்ற இளைஞன் தொழில் பழகுவதற்கான ஒப்பந்தம் அது. தொழிலின் நுணுக்கங்களைக் கற்பிப்பதாகவும், தவறினால் சொல்லால் மட்டுமே திருத்துவதாகவும், கைநீட்டுவதில்லை எனவும் எசமான் உறுதி கூறினார். தச்சுத் தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கலாகாது. வேலை, சிறுவனின் வயதுக்கும் உடல் வலிமைக்கும் ஏற்றதாக இருக்க வேண்டும். திருநாட்களில் முழு ஓய்வும், ஆண்டுக்குப் பதினைந்து நாள் விடுப்பும் தர வேண்டும். கூலி படிப்படியாக உயர வேண்டும். சிறுவனும் தன் பங்குக்கு ஊக்கத்துடனும் பணிவுடனும் உழைப்பதாக வாக்களித்தான்; அவனுடைய தந்தை பொறுப்பேற்றார். அவர்களுடன் தொன் போஸ்கோவும், அவனுடைய நன்னடத்தைக்குத் துணை நிற்பதாகத் தம் பெயரை எழுதினார்.

அந்தக் கையொப்பத்தின் பொருள் என்ன? சிறுவனை ஏமாற்றினால் கேட்பதற்கு ஒருவர் உண்டு என்பதை எசமான் அறிந்தார். சிறுவன் தவறினால் முறையிடுவதற்கும் ஒருவர் உண்டு என்பதையும் அறிந்தார். இரு திசையிலும் நம்பிக்கை பிறந்தது. வெளியே கிடைத்த பயிற்சியும் சூழலும் நிறைவளிக்காதபோது, 1853-இல் செருப்புத் தைத்தல், தையல் ஆகியவற்றுக்கும், அடுத்த ஆண்டு புத்தகம் கட்டுவதற்கும், 1856-இல் தச்சுக்கும் தம் இல்லத்திலேயே பட்டறைகளைத் திறந்தார்.

வேலூரில் நேரான கைகள்

இனி நம் மண்ணுக்கு வருவோம். கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் நரம்பு செயலிழந்து விரல்கள் மடங்கிப் போனவர்களுக்கு, நல்ல தசைநாணை இடம்மாற்றிப் பொருத்தி விரல்களை நிமிரச் செய்யும் அறுவை மருத்துவத்தை வளர்த்தவர் அவர். அது பெரும் வெற்றி கண்டது. ஆயினும் ஊருக்குத் திரும்பியவர்கள் துயரத்தோடு திரும்பி வந்தார்கள். நோயின் பழைய வடு கண்டு எவரும் வேலை தரவில்லை. கை நேராகிவிட்டதால் பிச்சையும் முன்போல் விழவில்லை.

கையைத் திருத்திய மருத்துவர், அந்தக் கைக்குரிய வாழ்வு இன்னும் திருந்தவில்லை என்பதை அறிந்தார். 1950-களின் தொடக்கத்தில் கல்லூரி வளாகத்திலேயே ‘நவ ஜீவ நிலையம்’ எழுந்தது. மருத்துவம் பயிலுமுன் கட்டடத் தொழில் கற்றிருந்த பிராண்ட், தாமே தச்சுப் பட்டறையில் நின்று இளைஞர்களுக்குப் பயிற்சி தந்தார். அவர்கள் மரப் பொம்மைகள் செய்தனர். உணர்வற்ற விரல்களைக் காயமின்றிக் காத்துக்கொண்டு கருவிகளைப் பிடிப்பது எப்படி என்பதும் அங்கே கற்பிக்கப்பட்டது. உடலுக்கேற்பத் தொழிலையும் கருவியையும் மாற்றியமைக்கலாம் என்னும் பாடத்தை வேலூர் நமக்குத் தந்தது.

சட்டமும் நாமும்

தனி மனிதர் செய்ததைச் சட்டமும் ஓரளவு கையேற்றது. அநாதைச் சிறுவரும் ஏழைச் சிறுவரும் தொழில் கற்கவென 1850-இலேயே இந்தியாவில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. விடுதலைக்குப்பின் வந்த 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், ஒப்பந்தத்தையும் உதவித்தொகையையும் வேலை நேரத்தையும் வரையறுத்தது. பழகுநன் சிறுவனாயின் அவனுடைய பாதுகாவலர் ஒப்பமிட வேண்டும் என்றது. 1995-ஆம் ஆண்டுச் சட்டம், அரசுப் பணிகளில் மாற்றுத்திறனாளிகளுக்கு 3 விழுக்காடு ஒதுக்கியது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதனை 4 விழுக்காடாக உயர்த்தி, 21 வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. தனியார் துறைக்கோ அச்சட்டம் கட்டாயம் விதிக்கவில்லை. தொழிலாளருள் ஐந்து விழுக்காட்டினராவது மாற்றுத்திறனாளிகளாக இருக்கும்பொருட்டு ஊக்கத் திட்டங்கள் வகுக்கும்படி அரசையே பணிக்கிறது.

ஆகவே தனியார் பட்டறையின் வாயிலைத் திறக்கும் பொறுப்பில் பெரும்பகுதி இன்னும் மனிதரிடமே இருக்கிறது. நம் பங்குகளில் கடை நடத்துவோர் உண்டு. அச்சகம், பட்டறை, மருத்துவமனை, பள்ளி நடத்துவோரும் உண்டு. அதே பங்கில் பயிற்சி முடித்தும் வீட்டுத் திண்ணையில் காத்திருக்கும் இளைஞரும் உண்டு. காது கேளாத, பார்வையற்ற, நடக்க இயலாத பிள்ளைகளைப் பெற்றோரும் உண்டு. இவ்விரு சாராரும் ஞாயிறுதோறும் ஒரே பலிபீடத்தைச் சூழ்ந்து நிற்கின்றனர். ஆயினும் ஒருவரையொருவர் அறியார்.

நிதி திரட்டுவதும் பயிற்சி நிலையம் எழுப்புவதும் நல்லவையே. அவற்றோடு, ஓர் இளைஞனை அறிந்த ஒருவர் அவனுடன் எசமானிடம் சென்று, “இவனுக்கு நான் பொறுப்பு” என்று சொல்லும் துணிவும் வேண்டும். வேலையில் சேர்ந்த முதல் சில மாதங்கள், தொன் போஸ்கோவைப் போல அப்பட்டறைக்குச் சென்று நலம் விசாரிக்கும் பொறுமையும் வேண்டும். நம்முள் எத்தனை பேர், நம் பிள்ளையல்லாத ஒரு பிள்ளைக்காக அப்படி ஒரு தாளில் நம் பெயரை எழுத முன்வருவோம் என்பதை ஒவ்வொருவரும் எண்ணிப் பார்ப்போமாக.