ஒரே மின்சாரம், ரெண்டு வேலை!

மதுரைக்கு வடமேற்கே பரவை பக்கத்துக் கிராமங்களில் கண்மாய் பார்த்தவர்களுக்கு இந்த விஷயம் சுலபமாகப் புரியும். மேல் கண்மாய் நிறைந்து மறுகால் போகும் தண்ணீர் கீழ்க் கண்மாய்க்குப் போய்ச் சேரும். ஒரே தண்ணீர் பல ஊர் வயலுக்குப் பாயும். ரேடியோப் பெட்டிக்குள்ளும் இதே யோசனை நூறு வருடமாக இருக்கிறது.

சென்னையில் கிருஷ்ணசாமி செட்டியாரின் ரேடியோ கிளப் 1924 ஜூலை 31-ல் ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமில்லாமல் 1927-ல் நின்றும் போனது. அந்தக் காலத்தில் பேர்போன 201ஏ வால்வின் இழையைச் சூடாக்க மட்டுமே 5 வோல்ட்டில் கால் ஆம்பியர் வேண்டும். நாலு வால்வு என்றால் ஒரு ஆம்பியர்! கார் பாட்டரி மாதிரி ஒன்றைச் சுமந்துபோய் சார்ஜ் ஏற்றி வர வேண்டும். ஒரு வால்வு குறைந்தாலும் லாபம்தான்.

இதற்கு வழி ஏற்கெனவே இருந்தது. 1913-14 வாக்கில் ஜெர்மனியின் டெலிஃபுங்கன் கம்பெனியைச் சேர்ந்த ஷ்லோமில்ஷ், ஃபான் பிராங்க் இருவரும் கண்டுபிடித்த 'ரிஃப்ளெக்ஸ்' சர்க்யூட். ஏரியலில் வரும் சிக்னலை ஒரு வால்வு பெருக்கும். அதிலிருந்து பிரித்தெடுத்த பேச்சொலியைத் திரும்ப அதே வால்வுக்குள் விட்டால் அதையும் பெருக்கித் தரும். ரெண்டின் அதிர்வெண்ணும் வெகுதூரம் தள்ளி இருப்பதால் கண்டென்சரும் காயிலும் வைத்துப் பிரித்துவிடலாம்.

ஆனால் சும்மா கிடைக்குமா? கொஞ்சம் பிசகினால் செட் ஊளையிடும். வால்யூமைப் பூஜ்யத்துக்குத் திருப்பினாலும் சத்தம் கசிந்துகொண்டே இருக்கும். வால்வு மலிவானதும் ரிஃப்ளெக்ஸை ஓரங்கட்டிவிட்டார்கள். டிரான்சிஸ்டர் வந்த புதிதில் அதுவும் விலை அதிகம் என்பதால், ரெண்டு மூன்று டிரான்சிஸ்டர் மட்டும் வைத்த சின்ன செட்களில் மறுபடி தலைகாட்டியது.

இன்றைக்கு ஒரு சிப்பில் டிரான்சிஸ்டருக்குப் பஞ்சமே இல்லை. பஞ்சமெல்லாம் பாட்டரிக்குத்தான். 2006-ல் லிஷிதீனி, மட்சாந்தி, காஸ்தெல்லோ உள்ளிட்ட குழுவினர் ஜிபிஎஸ் ரிசீவருக்காக ஒரு சர்க்யூட் வெளியிட்டார்கள். பெருக்கி, மிக்ஸர், ஆசிலேட்டர் மூன்றும் ஒன்றன் மேல் ஒன்றாக நின்று ஒரே மின்னோட்டத்தைப் பங்குபோட்டுக்கொள்ளும். 1.2 வோல்ட்டில் மொத்தச் செலவு 5.4 மில்லிவாட். மேலே சொன்ன 201ஏ இழை ஒன்றுக்கே 1,250 மில்லிவாட்!

இங்கேயும் கண்மாய்க் கணக்குதான். மேலிருந்து கீழே தண்ணீர் போக நிலத்துக்குச் சரிவு வேண்டும், மின்னோட்டத்துக்கு வோல்ட் வேண்டும். இருக்கிற 1.2 வோல்ட்டையே எல்லா அடுக்கும் பிரித்துக்கொண்டால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது கொஞ்சம்தான். அதனால் பக்கத்து அலைவரிசையில் பலமான சிக்னல் ஒன்று வந்தால் இந்த மாதிரி ரிசீவர் சீக்கிரமே திணறிவிடும். ஜிபிஎஸ்ஸில் அதைச் சமாளிக்க ஆன்டெனாவுக்கும் சிப்புக்கும் நடுவில் தனியாக ஒரு ஃபில்டர் வைக்கிறார்கள்.