சென்னை நேரு விளையாட்டரங்கம்: எழுச்சியும் தேய்வும்

சென்னை பெரியமேட்டில் உள்ள ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கம் கால்பந்து, தடகளப் போட்டிகள் நடைபெறும் பல்நோக்கு அரங்கம். முன்னர் கார்ப்பரேஷன் ஸ்டேடியம் என்று அழைக்கப்பட்டது. 1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் கிரிக்கெட் மைதானமாக இருந்தது.

தோற்றம்

ஆளுநர் சார்லஸ் ட்ரெவெலியன் காலத்தில் உருவான பீப்பிள்ஸ் பார்க் என்ற பூங்கா நிலத்தில் மூர் மார்க்கெட், விக்டோரியா பொதுக்கூடம், ரிப்பன் மாளிகை ஆகியவை ஒவ்வொன்றாக எழுந்தன. மாநகராட்சியின் விளையாட்டரங்கமும் அந்த நிலப்பரப்பிலேயே அமைந்தது.

டெஸ்ட் ஆண்டுகள்

சென்னையின் முதல் டெஸ்ட் 1934-இல் சேப்பாக்கத்தில் நடைபெற்றது. 1952-இல் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியைப் பெற்றதும் அங்கேதான். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிரான டெஸ்ட் கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தில் நடந்தது. அதில் வினு மன்கட் 231, பங்கஜ் ராய் 173 ஓட்டங்கள் எடுத்தனர். இருவரும் முதல் விக்கெட்டுக்குச் சேர்த்த 413 ஓட்டங்கள் 2008 வரை உலகச் சாதனையாக நீடித்தன.

மொத்தம் ஒன்பது டெஸ்ட் போட்டிகள் இங்கு நடைபெற்றன. 1961-இல் பாகிஸ்தானுக்கு எதிராக சந்து போர்டே ஆட்டமிழக்காமல் 177 ஓட்டங்கள் எடுத்தார். 1962 ஜனவரியில் இங்கிலாந்தை இங்கு வென்ற இந்தியா, அந்நாட்டுக்கு எதிரான முதல் தொடர் வெற்றியை உறுதிசெய்தது. சலீம் துரானி அப்போட்டியில் பத்து விக்கெட்டுகள் வீழ்த்தினார். 1964-இல் விக்கெட் காப்பாளர் புதி குந்தரன் 192 ஓட்டங்கள் குவித்தார்.

தேய்வு

1967 ஜனவரியில் டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கத்திற்குத் திரும்பியது. அதன்பின் நேரு அரங்கில் டெஸ்ட் நடைபெறவில்லை. இங்கு பிறந்த சாதனைகளும் சேப்பாக்கத்திலேயே முறியடிக்கப்பட்டன. இந்தியரின் அதிகபட்ச டெஸ்ட் ஓட்டமாக இருந்த மன்கட்டின் 231-ஐ 1983-இல் சுனில் கவாஸ்கர் அங்கு கடந்தார். இந்திய விக்கெட் காப்பாளர்களில் குந்தரன் வைத்திருந்த சாதனையை 2013-இல் தோனி அங்கு கடந்தார்.

மறுகட்டுமானம்

பழைய அரங்கம் இடிக்கப்பட்டு 1993-இல் புதிய அரங்கம் திறக்கப்பட்டது. 1995-இல் சென்னையில் நடந்த தெற்காசியக் கூட்டமைப்பு விளையாட்டுகளின் முதன்மை அரங்கமாக இது விளங்கியது. 2013-இல் சென்னையில் நடக்கவிருந்த ஆசிய தடகளப் போட்டி, இலங்கை வீரர்களின் பங்கேற்பைத் தமிழக அரசு எதிர்த்ததால் புனேவுக்கு மாற்றப்பட்டது. 2014 முதல் சென்னையின் எஃப்.சி. அணி இதைத் தன் சொந்த மைதானமாகக் கொண்டது.

வரலாற்று இடம்

பல விளையாட்டுகளுக்கான அரங்கம் எந்த ஒரு விளையாட்டுக்கும் முழுமையாகப் பொருந்துவதில்லை. கால்பந்தாட்டத் தளத்தைச் சுற்றியுள்ள ஓடுபாதை பார்வையாளரை ஆட்டத்திலிருந்து விலக்கி வைக்கிறது. கிரிக்கெட்டோ தனக்கென அமைந்த மைதானங்களை நாடிச் சென்றது. சேப்பாக்கம் மட்டுமல்ல, 2016-இல் தொடங்கிய தமிழ்நாடு பிரீமியர் லீக் திண்டுக்கல் மாவட்டம் நத்தத்தில் உள்ள என்.பி.ஆர். கல்லூரி மைதானம் வரை சென்றது.

ஆனால் எந்த ஒரு விளையாட்டுக்கும் உரியதாக இல்லாததே நேரு அரங்கம் பிழைத்ததற்கும் காரணம். கிரிக்கெட் வெளியேறிய பின்னும் ஓட்டமும் கால்பந்தும் அதற்குப் பயன் தந்தன. மன்கட்டும் ராயும் ஆடிய அந்த அரங்கின் தோற்றம் இன்று இல்லை. அவர்களின் 413 மட்டும் இந்தியாவின் முதல் விக்கெட் சாதனையாக இன்னும் நிற்கிறது.