கண்ணாடித் தகடு காட்டும் கடந்த காலம்



யூபிலி ஆண்டு நன்றி கூறும் ஆண்டு. நம்மை விசுவாசத்தில் வளர்த்துவிட்டுச் சென்றவர்களைத் திரும்பிப் பார்க்கும் ஆண்டும் அதுவே. அதற்கு உதவும் பழம்பொருள் ஒன்றைப் பற்றி இம்மலரில் சிறிது சிந்திப்போம். பிலிம் வருவதற்கு முன்னர் படம் பிடிக்கப் பயன்பட்ட கண்ணாடித் தகடே அது.

1693ல் ஓரியூரில் வேதசாட்சியாக மரித்த புனித அருளானந்தரின் முகத்தை நாம் ஓவியர்களின் கற்பனையில்தான் காண்கிறோம். 1897ல் மரித்த குழந்தை இயேசுவின் புனித தெரசாவின் முகமோ நமக்கு உள்ளபடியே தெரியும். அவருடைய அக்காள் செலின் 1894ல் லிசியே கார்மேல் மடத்தில் சேர்ந்தபோது காமிராவையும் உடன் கொண்டு சென்றார். அவர் தகட்டில் எடுத்த படங்கள் நெடுங்காலம் அழகுக்காகத் திருத்தப்பட்டே பரவின. திருத்தாத படங்கள் 1961ல் நூலாக வெளிவந்தபோதுதான் மெய்யான தெரசாவை உலகம் கண்டது. மனிதர் திருத்தியதைத் தகடு திருத்தாமல் காத்திருந்தது.

கண்ணாடியின் ஒரு பக்கத்தில் வெள்ளி உப்புக் கலந்த மெல்லிய பூச்சு இருக்கும். ஒளி பட்ட இடம் கறுக்கும். ஆகவே தகட்டில் வெள்ளை அங்கி கறுப்பாகவும், கறுத்த தலைமுடி வெளுப்பாகவும் தெரியும்; தாளில் அச்சிடும்போது எல்லாம் நேராகிவிடும். 1851ல் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயர் வெளியிட்ட முறையில், பூச்சின் ஈரம் காயுமுன்பே படமெடுத்துக் கழுவியாக வேண்டும். எனவே படம் பிடிப்பவர் இருட்டுக் கூடாரத்தையும் மருந்துகளையும் கூடவே கொண்டு திரிந்தார்.

இவ்வாறே கேப்டன் லயன் என்பவர் 1867-68ல் சென்னை அரசாங்கத்துக்காக மதுரை, திருவரங்கம், தஞ்சாவூர் முதலிய ஊர்களின் பழங்கட்டடங்களைப் படம் பிடித்தார். 1987ல் கட்டி முடிக்கப்பட்ட திருவரங்கம் இராஜகோபுரம், 19ஆம் நூற்றாண்டுப் படங்களில் பாதியில் நின்ற மொட்டைக் கோபுரமாகவே காட்சி தருகிறது. அக்காலப் படங்கள் பலவற்றில் தூணருகே ஒரு மனிதர் நிற்பார். தூணின் உயரத்தைக் காட்ட நிறுத்தப்பட்டவர் அவர். கோவிலின் பெயர் படத்தோடு எழுதப்பட்டிருக்கும். அவர் பெயர் இராது.

பெயரும் நாளும் எழுதி வைப்பதன் பயனைக் கொடைக்கானலில் காணலாம். அங்குள்ள வானாய்வுக்கூடம் 1904 முதல் நூறாண்டுக்கு மேலாகச் சூரியனை நாள்தோறும் படம் பிடித்து வந்துள்ளது. தொடக்க காலப் படங்கள் கண்ணாடித் தகட்டில் எடுக்கப்பட்டவை. நாளும் நேரமும் குறிக்கப்பட்டிருப்பதால், ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை சூரியனின் கரும்புள்ளிகள் பெருகிக் குறைவதை இன்றும் அறிஞர்கள் அவற்றில் ஆராய்கின்றனர். நாள் எழுதாத தகடாக இருந்தால், அது வெறும் வட்டம் அன்றோ!

நம் கோவில்களின் ஞானஸ்நானப் பதிவேட்டில் முன்னோரின் பெயர் உண்டு, முகம் இல்லை. பழைய படங்களில் முகம் உண்டு, பெயர் இல்லை. இவ்விரண்டையும் இணைக்கத் தெரிந்தவர்கள் நம் வீட்டுப் பாட்டிமாரும் தாத்தாமாருமே. அவர்களும் மறைந்தபின், கோவில் கட்டக் கல் சுமந்தவர் யார், செபம் சொல்லிக் கொடுத்த உபதேசியார் யார் என்பதை யாரிடம் போய்க் கேட்போம்?

ஆகவே நாம் செய்யத்தக்கது இது. வீட்டுப் பரணிலோ பழைய பெட்டியிலோ கண்ணாடித் தகடு கிடைத்தால் எறிந்துவிட வேண்டாம். மங்கலான பக்கமே பூச்சுள்ள பக்கம். அதைத் தொடவோ ஈரத்துணியால் துடைக்கவோ கூடாது. ஓரத்தைப் பிடித்து எடுத்து, தனித்தனித் தாள் உறையில் இட்டு, ஈரமில்லாத இடத்தில் நிமிர்த்தி வைக்க வேண்டும். தகட்டை இடுமுன் உறையின் மேல் ஊர், ஆண்டு, படத்திலுள்ளோர் பெயர் ஆகியவற்றைப் பென்சிலால் எழுதுக. தாளில் அச்சிட்ட பழைய படங்களின் பெயர்களையும் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள்.

ஆண்டுதோறும் நவம்பர் 2ஆம் நாள் நம் மரித்தோரின் பெயர்களை எழுதிக் கொடுத்துப் பூசை ஒப்புக்கொடுக்கிறோம். பெயர் சொல்லி நினைப்பது அன்பின் கடமை என அறிந்த மக்கள் நாம். அக்கடமையை அவர்களின் படங்களுக்கும் செய்வோம்.

பங்குத் தந்தை