வேதாளம் ஏறிய மரங்கள்

முருங்கை மரத்திலிருந்து தொடங்குவோம். வேதாளம் என்றால் அது முருங்கையில்தான் தொங்கும் என்பதில் தமிழர் எவருக்கும் ஐயம் எழுந்ததில்லை. வீட்டில் பிள்ளை பழைய பிடிவாதத்தைத் தொடங்கினால்கூட வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டது என்றுதான் சொல்கிறோம். ஆனால் 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்துச் சோமதேவர் இயற்றிய கதாசரித்சாகரத்தைப் புரட்டினால் அங்கே முருங்கை இல்லை. சிம்சபா என்னும் மரம் நிற்கிறது. மன்னனின் பெயரும் அங்கு திரிவிக்கிரமசேனன். கதை தெற்கே வந்தபோது, எல்லார் வீட்டுக் கொல்லையிலும் நிற்பதும், ஏறினால் கிளை முறியும் என்று பிள்ளைகள் அதட்டப்படுவதுமான முருங்கைக்கு வேதாளம் குடிபெயர்ந்துவிட்டது!

அண்மையில் நம் நண்பர்கள் கூடியிருந்தபோது பேச்சு, வழக்கம்போல, இக்காலக் குழந்தைகளின் மீதான புலம்பலாகத் திரும்பியது. கைப்பேசியைப் பிடுங்கினால்தான் சோறு இறங்குகிறது என்றார் ஒருவர். கைப்பேசியைக் கொடுத்தால்தான் இறங்குகிறது என்றார் இன்னொருவர். "எங்கள் காலத்தில்..." என்று தொடங்கும் வாக்கியங்கள் அடுத்தடுத்து வந்தன. நாம் இழந்ததாகச் சொல்லும் பொருள்தான் என்ன என்று ஒரு நண்பர் குறுக்கிட்டார். யாராலும் தெளிவாக விடை சொல்ல இயலவில்லை. ஒரே கதை ஒவ்வொரு கருவியிலும் ஏறி இறங்கியபோது அதற்கு என்ன நேர்ந்தது என்று பார்த்தால் விளங்கலாம் எனத் தோன்றியது. அதற்கு வேதாளக் கதையைவிடப் பொருத்தமான கதை நமக்குக் கிட்டவில்லை.

நாம் சிறுவராயிருந்தபோது வீடுகளில் 'பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை' இருக்கும். சென்னையில் பி. இரத்தின நாயகர் ஸன்ஸ் போன்ற பதிப்பகத்தார் இவ்வகை நூல்களை மலிவு விலையில் அச்சிட்டு ஊர் ஊராக அனுப்பினார்கள். திருவிழாக் கடைகளில் வளையலுக்கும் பொரிக்கும் நடுவே அவை விற்றன. எழுத்துக் கூட்டிப் படிப்பவருக்கும் கண் மங்கியவருக்கும் ஏற்ற பெரிய எழுத்து. ஒருவர் உரக்கப் படிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள். அச்சுக் கருவி அங்கு வாய்மொழிக்குத் துணையாகத்தான் வந்திருந்தது.

பாட்டி அந்த நூலைப் படித்ததில்லை, கேட்டிருந்தார், அவ்வளவுதான். வேதாளம் கேள்வி கேட்கும் இடம் வந்ததும் வெற்றிலையை மடிக்கத் தொடங்கிவிடுவார். "நீ சொல்லுடா, யார் செஞ்சது நியாயம்?" என்று கேட்டுவிட்டுச் சுண்ணாம்பு தடவுவார். நாம் ஆளுக்கொரு நியாயம் சொல்லிச் சண்டையிடுவோம். சில இரவுகளில் விடை வருவதற்குள் பாட்டி உறங்கிவிடுவதும் உண்டு. அந்தக் கேள்வியோடு விடியும்வரை கிடந்திருக்கிறோம்.

அடுத்த மரத்தைச் சற்று விரிவாகக் காண வேண்டும். நாடு விடுதலை பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு, 1947 ஜூலையில், சென்னையிலிருந்து ஒரே கதையிதழ் இரு மொழிகளில் வெளிவந்தது. தெலுங்கில் 'சந்தமாமா', தமிழில் 'அம்புலிமாமா'. தொடங்கியவர்கள் பி. நாகிரெட்டியும் சக்கரபாணியும். 'பாதாள பைரவி' (1951), 'மிஸ்ஸியம்மா' (1955), 'மாயா பஜார்' (1957) ஆகிய படங்களை எடுத்தவர்களும் இவர்களே. இதழின் படங்களில் வரும் அரண்மனைத் தூண்களையும் மந்திரவாதிகளின் தாடிகளையும் எங்கோ திரையில் கண்டதுபோல் நமக்குத் தோன்றியது வெறும் மயக்கமாக இருக்க முடியாது! பின்னர் கன்னடம், இந்தி, மராத்தி, மலையாளம் என்று மொழிகள் பெருகின. எல்லா மொழிக்கும் படங்கள் ஒன்றே. எழுத்து மட்டும் மாறும். தெனாலியில் ஒரு சிறுவன் கண்ட விக்கிரமனையே தஞ்சையில் இன்னொரு சிறுவனும் கண்டான். பாட்டியின் விக்கிரமனுக்கு முகம் கிடையாது, கேட்பவன்தான் வரைந்துகொள்ள வேண்டும். முகத்தைத் தந்தது அச்சுத் தொழில்.

அந்த முகத்தை வரைந்தவர் கே.சி. சிவசங்கரன் என்னும் சங்கர். 1924இல் பிறந்து, சென்னை அரசு ஓவியப் பள்ளியில் பயின்று, 'கலைமகள்' இதழில் சில ஆண்டுகள் பணியாற்றிய பின் 1950களின் தொடக்கத்தில் இங்கு வந்து சேர்ந்தார். ஒரு கையில் வாள், தோளில் பிணம், சுற்றிலும் மயானம் என அவர் வரைந்த அந்த ஒரு படத்தைக் காட்டினால் இன்றும் நாற்பது வயது கடந்தவர்கள் புன்னகைக்கிறார்கள். சங்கர் 2020இல் மறைந்தார். 2021இல் பத்மஸ்ரீ விருது அவர் மறைவுக்குப் பின் அறிவிக்கப்பட்டது. காலம் தாழ்ந்த மரியாதை என்றே நமக்குப் படுகிறது.

ஓவியருக்காவது முகவரி கிடைத்தது. எழுதியவர்களுக்கு அதுவும் இல்லை. 1952 முதல் 1980இல் தாம் மறையும்வரை இதழை நடத்தியவர் தெலுங்கு எழுத்தாளர் கொடவட்டிகண்டி குடும்பராவ். முற்போக்காளர், 1970இல் உருவான ஆந்திரப் புரட்சி எழுத்தாளர் சங்கத்தின் முன்னணியில் இருந்தவர். அத்தகைய ஒருவர்தாம் மாதந்தோறும் பிணத்துக்குள் வேதாளத்தை ஏற்றி, அது பேசுவதையும் எழுதிக்கொண்டிருந்தார்! அவர் எழுதிய எண்ணற்ற கதைகளின் கீழ் அவர் பெயர் இல்லை. காடும் குகையும் பூதங்களுமாய் நம்மைக் கட்டிப்போட்ட தொடர்கதைகளை 1950களிலிருந்து எழுதிய தாசரி சுப்பிரமணியத்தின் பெயரும் இல்லை. இப்பெயர்களை நாம் அறிந்தது நரை தோன்றிய பிறகுதான். அவற்றைத் தமிழாக்கியவர்களை நாம் அந்நாளில் எண்ணிப் பார்த்ததே இல்லை. தமிழிலேயே பிறந்த கதைகள் என்றுதான் நம்பியிருந்தோம். தமிழாக்கியவர்களின் திறத்துக்கு வேறு சான்று வேண்டுமா?

இனி ஒரு கணக்கு. வேதாளத்தின் மூலக் கதைகள் 25. மாதத்துக்கு ஒன்றாக வெளியிட்டால் இரண்டே ஆண்டுகளில் தீர்ந்துவிடும். ஆனால் அம்புலிமாமாவில் வேதாளம் பல பத்தாண்டுகள் பேசியது. மூலக் கதைகள் தீர்ந்ததும் நாட்டார் கதைகளையும் வாசகர் அனுப்பிய கதைகளையும் எடுத்து, முடிவில் ஒரு கேள்வியைப் பொருத்தி வேதாளத்தின் வாயில் வைத்தார்கள். தொழில் நுணுக்கம் வாய்ந்த ஏற்பாடு இது. ஆயினும் இதனால் மூலக்கதையில் ஒன்று தொலைந்தது என்பதை இவ்வளவு காலம் கழித்தே நாம் கவனிக்கிறோம்.

பழைய கதையின் விதி எளியது. விடை தெரிந்தும் மன்னன் சொல்லாமலிருந்தால் தலை வெடிக்கும். வாய் திறந்தால் மௌனம் கலைந்து வேதாளம் மரம் திரும்பும். கடைசியில் ஒரு கேள்வி வருகிறது. தந்தை ஒரு பெண்ணையும் மகன் அவளுடைய தாயையும் மணந்தால் பிறக்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு? மன்னனுக்கு விடை தெரியவில்லை. பேசாமல் நடக்கிறான். அந்த மௌனமே அவனைக் காக்கிறது, வேதாளம் மனம் கனிந்து சூழ்ச்சிக்காரத் துறவியைப் பற்றி எச்சரிக்கிறது, கதை முடிகிறது. ஆக, எல்லாம் அறிந்த மன்னனுக்கு விடுதலை கிட்டியது அவன் அறியாத ஓரிடத்தில். ஆனால் மாத இதழின் மன்னன் மௌனமாயிருக்க முடியாது. அவன் வாய் மூடினால் அடுத்த மாதம் தொடர் இல்லை! எனவே அவனுக்கு எப்போதும் விடை தெரிந்திருந்தது. நாமும் எல்லாக் கேள்விக்கும் கீழே விடை அச்சாகியிருக்கும் என்று நம்பி வளர்ந்தோம்.

இது நாம் ஏக்கத்தோடு நினைக்கும் அதே பொற்காலத்தில் நிகழ்ந்தது என்பதை நண்பர்கள் மறக்கக் கூடாது. அந்நாளில் பெரியவர்களும் புலம்பத்தான் செய்தார்கள். பாடப் புத்தகத்துக்குள் அம்புலிமாமாவை ஒளித்துப் படித்து அடி வாங்கியவர்கள் நம்முள் இருவர் உண்டு. பேய்க்கதை படித்தால் புத்தி மழுங்கும் என்பது அந்நாளைய மருத்துவம்.

எனினும் தாளில் ஒரு வசதி இருந்தது. வேதாளத்தின் கேள்விக்குக் கீழே உள்ளங்கையை வைத்து விடையை மறைத்துக்கொள்ளலாம். அண்ணன் படிக்கும்போது தங்கை கையை வைத்து மறைப்பாள். பாட்டி மடித்த வெற்றிலையின் வேலையை அந்தக் கை செய்தது.

மூன்றாம் மரம் உலோகத்தாலானது, கூரைமேல் நின்றது. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. 1984ஐ ஒட்டி நாடெங்கும் சிறு ஒளிபரப்பு நிலையங்கள் பரவிய பின்னரே பல ஊர்களுக்கு அது எட்டியது. 1985இல் ராமானந்த் சாகரின் 'விக்ரம் அவுர் பேத்தால்' இந்தியில் ஒளிபரப்பாயிற்று. பின்னர் இராமனாக நடித்துப் புகழ்பெற்ற அருண் கோவில்தான் அதில் விக்கிரமன். தெருவில் தொலைக்காட்சி இருந்த ஒரே வீட்டின் கூடத்தில் முப்பது பிள்ளைகள் தரையில் அமர்ந்திருப்போம். ஒருவன் மாடியில் ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டிருப்பான். பாவம், அவன் எந்தக் கதையையும் முழுதாகப் பார்த்ததில்லை. சங்கரின் விக்கிரமனுக்கு இவன் ஈடாக மாட்டான் என்று முதல் நாளே தீர்ப்பளித்துவிட்டோம். ஆனாலும் மறுவாரமும் போனோம்.

நமக்கு இந்தி தெரியாது. இந்தி பிரசார சபையின் பிராத்மிக் தேர்வு எழுதிக்கொண்டிருந்த அடுத்த வீட்டு அக்கா ஒருவர்தாம் மொழிபெயர்ப்பாளர். வேதாளம் கேட்டு முடிக்கும், மன்னன் விடை சொல்லியும் முடிப்பான். அக்கா அப்போதுதான் கேள்வியைத் தமிழில் சொல்லத் தொடங்குவார். விடையை அவர் சொல்வதற்குள் வேதாளம் பறந்து போயிருக்கும். பாதி விடை அக்காவுக்கே விளங்கியிராது. வீடு திரும்பும் வழியெல்லாம் நாமே விடை சொல்லிச் சண்டையிட்டோம். தொலைக்காட்சி பறித்திருக்க வேண்டிய இடைவெளியை மொழி தெரியாமை மீட்டுத் தந்தது. 26 வாரங்களில் தொடர் முடிந்தது.

இதற்குப் பிறகு அம்புலிமாமாவின் கதை துயரமானது, விரைந்து சொல்லிவிடலாம். 1998இல் தொழிலாளர் தகராறு காரணமாக இதழ் நின்றது. ஓராண்டுக்குமேல் கழித்து 1999 இறுதியில் மீண்டது. 2007இல் மும்பையின் மென்பொருள் நிறுவனம் ஒன்று அதை வாங்கியது. பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாக ஒளிப்படமாக்கி இணையத்தில் வைத்தார்கள். இழந்ததாக எண்ணிய இளமையைச் சொடுக்கினால் காணலாம் என்று நாம் கொண்டாடியது நினைவிருக்கிறது. அந்த மகிழ்ச்சியில் நம்முள் ஒருவர், தம் வீட்டுப் பரணில் மூட்டையாகக் கிடந்த இதழ்களைப் பழைய தாள் கடைக்குப் போட்டார். எல்லாம் இணையத்தில் இருக்கிறதே, இடத்தை அடைப்பானேன் என்பது அவர் வாதம். 2013 வாக்கில் இதழ் நின்றது. நிறுவனமும் கடனில் மூழ்கியது. பின்னர் அந்த இணையதளமும் மறைந்தது. 1950களின் தாள் மஞ்சளேறினாலும் இன்னும் பழைய புத்தகக் கடைகளில் அகப்படுகிறது. இணையத்தில் வைத்ததற்கோ பத்தாண்டுகூட ஆயுள் இல்லை. தனிப்பட்ட ஆர்வலர்கள் அந்நாளில் தரவிறக்கி வைத்திருந்த படிகளும், தம் கைக்காசில் ஒளிவருடி எடுத்தவையுமே இன்று உலவுகின்றன. ஆக, நம் நண்பரின் மூட்டையைக் கடைக்கு அனுப்பியதும் தொழில்நுட்பம்தான். மிச்சத்தைக் காத்ததும் அதுதான். மூட்டையைப் பற்றி அவரிடம் இன்று பேசினால் பேச்சை மாற்றிவிடுகிறார்.

கைப்பேசியிலும் வேதாளம் ஏறியிருக்கிறது. அசைபடமாய், வண்ண வண்ணமாய், நல்ல தமிழ்க் குரலிலேயே கிடைக்கிறது. ஓவியம் நமக்குப் பிடிக்கவில்லை என்பது நம் வயதின் குறை. நண்பர் ஒருவரின் எட்டு வயது மகளோடு அமர்ந்து ஒன்றைப் பார்த்தோம். வேதாளம் கேட்டது; மன்னன் மறுநொடியே சொன்னான்; பறந்தது; அடுத்த கதை தானாகத் தொடங்கியது. அதுவும் முடிந்து மூன்றாவது. இங்கே உள்ளங்கையை வைக்க இடமில்லை. நிறுத்தும் பொத்தான் இருக்கிறதே என்றால், இருக்கிறது. அவள் அதைத் தொடவில்லை, நமக்கும் அது நினைவுக்கு வரவில்லை.

அன்றிரவு மின்சாரம் போயிற்று. கதை கேட்டாள். தலை மாறிய கதை நினைவுக்கு வந்தது. கணவனும் உடன்பிறந்தானும் கோயிலில் தலையறுத்துக்கொள்ள, தேவி அருளால் அவர்களை உயிர்ப்பிக்கும் பெண், பதற்றத்தில் தலைகளை மாற்றிப் பொருத்திவிடுகிறாள். இனி அவளுக்குக் கணவன் யார் என்பது வேதாளத்தின் கேள்வி. தலையே உடலுக்குத் தலைமை. கணவனின் தலை எவனுக்கோ அவனே கணவன் என்பது மன்னன் சொன்ன விடை. அதைச் சொல்ல வாயெடுத்தவர்கள், பாட்டியின் நினைவு வந்து நிறுத்திக்கொண்டோம். மெழுகுவத்தி தேடும் சாக்கில் எழுந்தோம்.

திரும்பி வந்தபோது அவள் இருட்டில் உட்கார்ந்திருந்தாள்.

"அந்த அக்காகிட்டயே கேட்டா என்ன?" என்றாள்.