பர்மா பிரிந்த வரலாறு

நம் சங்கத்து அன்பர்களில் முதியோர் சிலருக்கேனும் ரங்கூன் என்னும் பெயர் செவிவழிப் பழகிய பெயராகும். 'எங்கள் பெரிய பாட்டனார் ரங்கூன் சென்றவர்' என்று சொல்லிக்கொள்ளும் குடும்பம் நம்மிடையே ஒன்றிரண்டு அல்ல; அக்குடும்பங்களில் ஒரு தேக்குமரப் பெட்டியும் இருக்கக் காணலாம். ஆயினும், அந்த ரங்கூன் ஒரு காலத்தில் சென்னை, கல்கத்தாவைப் போல இந்தியாவின் பட்டினங்களுள் ஒன்றாய் இருந்ததென்பதும், பின்னர் ஒரு நாள் பிரிந்து வேறொரு நாட்டின் தலைநகராயிற்று என்பதும், அங்ஙனம் பிரியுமுன் அந்நாட்டு மக்கள் ஒரு தேர்தலில் 'பிரிய வேண்டா' என்போரையே மிகுதியாகத் தேர்ந்தனர் என்பதும் இன்று பலரும் அறியாதவை. அவற்றை யாம் அறிந்த அளவில் இங்கே எழுதத் துணிகின்றோம்.

பர்மாவை ஆங்கிலேயர் ஒரே மூச்சில் விழுங்கவில்லை. 1824-இல் தொடங்கிய போரில் ஒரு துண்டு, 1852-இல் ஒரு துண்டு, 1885-இல் எஞ்சியது என மூன்று போர்களிற் கவர்ந்தனர். 1886 ஜனவரி முதல் நாள் மேல்பர்மாவும் சேர்க்கப்பட்டு, நாடு முழுவதும் இந்தியப் பேரரசின் பகுதியாயிற்று. தில்லியின் கடைசி பாதுஷாவை ரங்கூனுக்கு நாடு கடத்தியவர்கள், பர்மாவின் கடைசி மன்னரான தீபோவை நம் மேற்குக் கரையிலுள்ள இரத்தினகிரிக்கு நாடு கடத்தினர். இருவரும் அயல் மண்ணிலேயே மாண்டனர். இரு நாடும் ஒரு குடைக்கீழ் இருந்ததற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுமோ!

இவ்விடத்தில் இரயில்வே ஊழியர்க்குத் தோன்றும் ஒன்றைச் சொல்லிவிடுகின்றோம். பர்மாவில் முதல் இருப்புப்பாதை ரங்கூனிலிருந்து புரோம் வரை 1877 மே முதல் நாள் திறக்கப்பட்டது. பின்னர் அது மாந்தலைக்கும் அப்பாலும் நீண்டது. ஆனால் இந்தியாவின் தண்டவாளமும் பர்மாவின் தண்டவாளமும் எந்நாளும் கூடியதில்லை. மலையையும் காட்டையும் அளந்து அளந்து பார்த்தார்களே யன்றி, பாதை போட்டாரில்லை. தூத்துக்குடியில் வாங்கிய சீட்டோடு பெஷாவர் வரை ஒருவன் போயிருக்கலாம். மாந்தலை போகக் கப்பலேறியே ஆகவேண்டும். அரசாணை இணைத்த நாட்டைக் கடல் பிரித்தே வைத்திருந்தது.

அக்கடலைக் கடந்து நம்மவர் சென்றனர். 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி பர்மாவின் மக்கள் ஏறத்தாழ 1 கோடியே 46 லட்சம். அவருள் இந்தியர் 10 லட்சத்துக்குச் சற்று மேல். நாடு முழுவதற்கும் பார்த்தால் இது பெருந்தொகையன்று. ஆனால் ரங்கூன் நகரில் இருந்த 4 லட்சம் பேரில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர்! துறைமுகத்தில் மூட்டை சுமந்தோர் தெலுங்கர். காவலிலும் தபாலிலும் இரயிலிலும் வடவரும் வங்காளியரும் தமிழரும். மொகல் தெருவில் கிட்டங்கி வைத்து வட்டித்தொழில் செய்தோர் செட்டிநாட்டார். பர்மியர் ஒருவர் தம் தலைநகரிலேயே தம் மொழி மட்டும் பேசிக் காரியம் முடித்துத் திரும்புதல் எளிதன்று என்னும் நிலை இருந்தது. நம் ஊரில் நமக்கு அந்நிலை வருமாயின் நாம் என்ன நினைப்போம் என்று சற்றே எண்ணிப் பார்த்தால், அவர் மனம் நமக்கு விளங்கும்.

ஆதலின் பிரிவினை வேண்டுமென்று முதலிற் கேட்டவர் பர்மியரே. 1917-இல் மாண்டேகு இந்தியா வந்தபோது பர்மியத் தூதுக்குழு ஒன்று கல்கத்தா வந்து, எம் நாட்டை இந்தியாவிலிருந்து பிரித்துத் தருக என்று கேட்டது. அவர்கள் கொண்ட நம்பிக்கைகள் பல. பிரிந்தால் தில்லிக்குப் போகும் சுங்கமும் வருமான வரியும் தம் நாட்டிலேயே நிற்கும். கடல்வழி வந்து குவியும் கூலியாட்களுக்குத் தாமே வரம்பு கட்டலாம். உத்தியோகங்கள் தம் மக்களுக்குக் கிட்டும். தம் மொழியும் புத்த சமயமும் தமக்கேற்ற ஆட்சியில் தழைக்கும். இவற்றுள் எதனைத் தவறென்று சொல்ல முடியும்?

ஆனால் பத்தாண்டு கழிவதற்குள் காற்று மாறிற்று. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் இந்திய மாகாணங்களுக்கு இரட்டையாட்சி வழங்கி, பர்மாவை மட்டும் ஒதுக்கினர். கிளர்ச்சி செய்த பின்னரே 1923-இல் அதற்கும் கொடுத்தனர். 'இந்தியாவோடு சேர்ந்திருந்தபோதே நம்மைப் பின்தள்ளியவர்கள், தனியே பிரித்தபின் என்ன செய்யமாட்டார்கள்?' என்னும் அச்சம் அன்றே வேரூன்றியது. 1930-இல் சைமன் குழு, பர்மாவை உடனே பிரிக்கலாம் என்று தன் அறிக்கையில் எழுதியது. ரங்கூனிலிருந்த ஐரோப்பிய வணிகரும் பிரிவினையை ஆதரித்தனர். அதுவே பலருக்கு ஐயத்தை முற்றச் செய்தது. வெள்ளையர் வலிய வந்து கொடுக்கும் விடுதலை விடுதலைதானா? இந்தியா காங்கிரசின் போராட்டத்தால் டொமினியன் நிலையடைய, பர்மா மட்டும் ஒரு குடியேற்ற நாடாய்ச் சாம்ராஜ்யத்தின் மூலையிற் கிடக்குமோ? காந்தியடிகளின் இயக்கத்தைப் பின்பற்றிச் சிறை சென்ற துறவி ஊ ஒத்தமா இந்தியத் தொடர்பை விட ஒருப்படாதவர்களுள் முதல்வர். முன்னர்ப் பிரிவினை கேட்டவர்களிலும் ஒரு பெரும் பகுதியினர் இப்போது 'வேண்டா' என்றனர்.

அந்த ஆண்டே பர்மாவுக்குப் பொல்லாத ஆண்டு. மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ய, கப்பல் முதலாளிகள் பர்மியரைக் கொண்டு வேலை வாங்கினர். நிறுத்தம் தீர்ந்ததும் அப்பர்மியரை 'போய் வாருங்கள்' என்று அனுப்பிவிட்டனர். மே 26-ஆம் நாள் மூண்ட கலகத்தில் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். மாண்டவர் பெரும்பாலும் நம் நாட்டுக் கூலிகள். முதலாளி ஒருவன், அடித்துக்கொண்டவர் இரு ஏழையர். அதே காலத்தில் உலகெங்கும் விலை வீழ்ந்து, நெல்விலை ஏறத்தாழப் பாதியாயிற்று. டிசம்பரில் தாராவதி மாவட்டத்தில் சயா சான் தலைமையில் உழவர் கிளர்ச்சி எழுந்தது. அவர் மறு ஆண்டு தூக்கிலிடப்பட்டார்.

நெல்விலை வீழ்ந்ததன் பயனைச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். நம்மவர் பங்கு அதில்தான் இருக்கின்றது. செட்டிநாட்டார் நிலம் வேண்டிப் பர்மா சென்றவரல்லர். கொடுத்த பணம் வட்டியோடு திரும்பவேண்டும். நிலம் அதற்கு ஈடு, அவ்வளவே. கீழ்ப்பர்மாவின் சதுப்பு நிலம் வயலானதற்கு அவர் பணம் பெரிதும் உதவிற்று என்பதைப் பர்மிய வரலாற்றாசிரியரும் மறுப்பதில்லை. ஆனால் உழவன் கடன் தீர்க்க முடியாதபோது ஈடு வைத்த நிலம் கைமாறிற்று. கீழ்ப்பர்மாவின் முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு நிலமே செட்டிநாட்டார் கையில் இருந்தது. 1937-இல் அது 25 பங்கு! ஏழே ஆண்டில் நான்கில் ஒரு பங்கு. சட்டப்படி எல்லாம் ஒழுங்கே. பத்திரம் ஒழுங்கு, முத்திரை ஒழுங்கு, நீதிமன்றத் தீர்ப்பும் ஒழுங்கு. நிலத்தை இழந்தவனுக்கு அவ்வொழுங்கினால் ஆவதென்ன?

இந்நிலையில்தான் வாக்குக் கேட்டனர். 1931 நவம்பர் முதல் 1932 ஜனவரி வரை லண்டனில் பர்மா வட்டமேசை மாநாடு கூடிற்று. இறுதியில் பிரதமர் ராம்சே மக்டொனால்டு பர்மியர் முன் இரு வாயில்களைக் காட்டினார். ஒன்று, பிரிந்து தனி அரசியலமைப்புப் பெறுவது. மற்றொன்று, இந்தியக் கூட்டாட்சியிற் சேர்வது. சேர்ந்தால் வேண்டும்போது விலகலாம் என்னும் உரிமை கிடையாது என்பதும் சொல்லப்பட்டது. 1932 நவம்பரில் சட்டமன்றத் தேர்தல் இக்கேள்வியை முன்வைத்தே நடந்தது. பிரிவினை வேண்டுவோர்க்கு ஊ பா பே முதலியோர் தலைவர். வேண்டாதார்க்கு டாக்டர் பா மாவும் ஊ சிட் லைங்கும் தலைவர். பா மா சயா சானுக்காக நீதிமன்றத்தில் வாதாடிப் புகழ் பெற்றவர். வேண்டாதார் பக்கத்துக்கு இந்திய வணிகர் பொருள் கொடுத்தனர் என்று அக்காலத்தில் வெளிப்படையாகவே பேசினர். கொடுத்தோர் அச்சமும் விளங்கக்கூடியதே: பிரிந்த பர்மா கப்பலைத் தடுக்கும், கடனைத் தள்ளும், நிலத்தைப் பறிக்கும் என்று அவர் அஞ்சினர்.

தேர்தலின் முடிவு: வேண்டா என்போர் 42, வேண்டும் என்போர் 29, எதிலும் சேராதார் 9. இதைக் கண்டு நம்மவர் மகிழ்ந்திருப்பர். மகிழ்ச்சி பொருந்தாது. வேண்டா என்று வாக்களித்த பர்மிய உழவன் இந்தியாவின்மேற் கொண்ட அன்பினால் வாக்களித்தானில்லை. இந்தியாவோடு நின்று சீக்கிரம் உரிமை பெற்று, அதன்பின் தன் வழியே போகவேண்டும் என்பதே அவன் தலைவர்களின் எண்ணம். அதனை அவர்கள் மறைக்கவுமில்லை. டிசம்பரில் புதிய மன்றம் கூடி, லண்டன் காட்டிய முறையிற் பிரிவதையும் ஏற்கவில்லை. இந்தியாவோடு என்றென்றும் கட்டுண்டு சேர்வதையும் ஏற்கவில்லை. விலகும் உரிமையோடு சேர்வோம் என்றது. கேட்டவர் இரு வாயில் காட்ட, விடை சொன்னவர் மூன்றாவது வாயிலைச் சுட்டினர்! 1933-இல் இதற்கெனவே சிறப்புக் கூட்டம் கூட்டினர். நாள்தோறும் பேச்சு நீண்டதே தவிர, வாக்கெடுப்பில்லாமலே கூட்டம் கலைந்தது. பின்னர் லண்டன் தானே முடிவு செய்தது. 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 1937 ஏப்ரல் முதல் நாள் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. பிரிந்த பர்மாவின் முதற் பிரதமர் யார்? பிரிவினை வேண்டா என்று வாக்குக் கேட்டு வென்ற அந்த டாக்டர் பா மாவேதான். அரசியலில் இஃதொன்றும் புதுமையன்று.

அன்று அஞ்சியவை எவ்வளவு பலித்தன? பர்மியர் அச்சம் ஏறத்தாழப் பலிக்கவில்லை என்றே சொல்லவேண்டும். இந்தியாவில் 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கூட்டாட்சிப் பகுதி நடைமுறைக்கே வரவில்லை. பர்மாவிலோ 1937 முதல் நாடு முழுவதற்கும் ஓர் அமைச்சரவை, வரம்புக்கு உட்பட்டதேனும், ஆட்சி செய்தது. முழுவிடுதலையும் 1948 ஜனவரி 4-ஆம் நாள் வந்தது. நமக்குப் பின் ஐந்து மாதங்கூட ஆகவில்லை. இடையில் வந்த உலகப்போர் கணக்கையெல்லாம் மாற்றிவிட்டது என்பாரும் உளர், அதுவும் உண்மை.

நம்மவர் அச்சமோ பெரும்பாலும் பலித்தது. ஆனால் பிரிந்த நாளிலேயே அன்று. முதல் மூன்றாண்டு வாணிகத்துக்கும் வருவோர் போவோர்க்கும் பழைய வழக்கமே தொடரும் என்று ஏற்பாடு செய்திருந்தனர். 1938 ஜூலையில் மீண்டும் கலகம். 1939-லும் 1941-லும் குத்தகை, நில உரிமை பற்றிய சட்டங்கள் வந்தன. 1941-இல் குடிவரவு உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. செயலுக்கு வருமுன் போர் வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 23-ஆம் நாள் ரங்கூன்மீது குண்டு விழுந்தது. நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் அரக்கான் வழியும் மணிப்பூர் வழியும் ஊர் திரும்பினர். வழியில் வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டோர் பல்லாயிரவர். பர்மா அரிசி நின்றது. யாம் வேலை பார்க்கும் இக்கரக்பூர் அடங்கிய மேதினிப்பூர் மாவட்டம் 1943-ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பட்ட பாட்டுக்கு அதுவும் ஒரு காரணம் என்பர். விடுதலைக்குப் பின் நிலங்கள் நாட்டுடைமையாயின. 1962-இல் படையாட்சி வந்தது. 1964-இல் கடைகளும் அரசுடைமையாயின. லட்சக்கணக்கானோர் மீண்டும் கப்பலேறினர். திரும்பி வந்தோரிற் சிலர் தமிழகத்தில் மனம் பொருந்தாது, தரைவழியே பர்மா செல்ல முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே என்னும் ஊரிலேயே தங்கிவிட்டனர். அங்கும் ஒரு தமிழ்ச் சங்கம் உண்டு.

1932-இல் நம்மவர் பணம் கொடுக்காதிருந்தால் இவை நேர்ந்திரா என்று யாம் சொல்லவில்லை. கடன் சுமையும் நில இழப்பும் வேலையின்மையும் அதற்கு முன்பே இருந்தவை. ஆயினும் ஒரு நாட்டார் தம் வீட்டைப் பற்றித் தாமே முடிவு செய்யும் வேளையில், விருந்தினர் தம் பெட்டியைத் திறந்தது நன்றாயில்லை என்பது எமது கருத்து. இதனைப் படிக்கும் அன்பர் சிலர் வருந்தக்கூடும். எம் பாட்டனாரும் அவ்விருந்தினருள் ஒருவரே.

அவர் ரங்கூனில் ஓர் அரிசி ஆலையிற் கணக்கெழுதியவர். 1942-இல் அரக்கான் மலைவழியே நடந்து திரும்பியவர். அந்நடையைப் பற்றி வாய் திறந்ததில்லை என்று எம் தந்தையார் கூறுவார். 1937 ஏப்ரலில் தம் அன்னையாருக்கு எழுதிய கடிதம் ஒன்று மட்டும் எம்மிடம் உளது. பிரிந்துவிட்டது என்று பேசிக்கொள்கின்றனர், ஆலைக்கு எப்போதும்போற் போய்வருகின்றேன், கப்பற் கட்டணம் ஏறவில்லை, தைக்கு வருவேன் என்று அதில் எழுதியிருக்கின்றார். மற்றவையெல்லாம் ஒரு பசு வாங்குவது பற்றியே. உறையின்மேல் மன்னர் தலை பொறித்த இந்திய அஞ்சல்தலை. இந்தியா என்னும் ஆங்கில எழுத்து அதில் அப்படியே இருக்க, அதே தலையின்மீது பர்மா என்று கறுப்பு மையில் அச்சிட்டிருக்கின்றது.