பஞ்சுச் சுருளின் வரலாறு

மாதவிடாய் இயற்கை வகுத்த நியதியேயாயினும், அதனைப் பற்றி வாய்திறந்து பேசுதல் பல நாடுகளிலும் நெடுங்காலம் நாணத்துக்குரியதாகவே இருந்துவந்தது. பேசாப் பொருளாயிருந்தவற்றுள் ஒன்று, உடலினுள் வைத்து உதிரத்தை உறிஞ்சச் செய்யும் டாம்பன் என்னும் பஞ்சுச் சுருள். அதனைப் பற்றி நாடே பேசவேண்டிய நிலை ஐக்கிய அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டில் ஏற்பட்டது.

அங்கே கொலராடோ மாநிலத்து டென்வர் நகரில் வைத்தியராயிருந்த ஏர்ல் ஹாஸ் என்பார், அழுத்திய பஞ்சினை ஒரு நூலோடு தைத்து, ஒன்றினுள் ஒன்று செல்லும் இரு காகிதக் குழல்களினால் உள்ளே செலுத்தும் முறையைக் கண்டார். 1931இல் விண்ணப்பித்த ஆக்கவுரிமை 1933இல் கிடைத்தது. கெர்ட்ரூட் டெண்டரிச் என்னும் பெண்மணி அவ்வுரிமையை 32,000 டொலருக்கு வாங்கி, தம் வீட்டிலே தையற்பொறியை வைத்துக்கொண்டு உற்பத்தியைத் தொடங்கினார். டாம்பக்ஸ் என்ற பெயர் இவ்வாறு பரவிற்று. நீந்துவோர்க்கும், நாள்முழுதும் நின்று பணிசெய்வோர்க்கும் அது பேருதவியாயிற்று என்பதை மறுத்தற்கில்லை.

கம்பனிகளுக்கிடையே போட்டி மிகுந்தபோது, எவருடைய சுருள் கூடுதலாக உறிஞ்சும் என்பதே விற்பனையின் அளவுகோலாயிற்று. 1970களின் பிற்பகுதியில் புறொக்டர் அண்ட் காம்பிள் கம்பனி 'றிலை' என்றொரு டாம்பனை விற்றது. 'நம்பியிரு' என்பது அப்பெயரின் பொருள்! அதனுள் பஞ்சு இல்லை. பொலியெஸ்டர் நுரைத்துண்டுகளும், கார்பொக்சிமெத்தில் செலுலோஸ் என்னும் உறிஞ்சுபொருளும் இருந்தன. நெடுநேரம் மாற்றத் தேவையில்லாத பொருள் வசதியானதென்று எவரும் எண்ணுவர். கேடு அங்கேதான் இருந்தது.

அதே டென்வர் நகரிலே, 1978இல், ஜேம்ஸ் டொட் என்னும் குழந்தைவைத்தியர் ஏழு பிள்ளைகளிடம் கண்ட கொடிய நோயொன்றை விவரித்து, அதற்கு 'நச்சு அதிர்ச்சி நோய்' எனப் பெயரிட்டார். அவர்களுள் ஆண்பிள்ளைகளும் இருந்தனர். ஆதலின் டாம்பனே இந்நோய்க்கு ஒரே காரணம் என்பது பிழை. ஸ்ரபிலோகொக்கஸ் ஓரியஸ் என்னும் கிருமி விடும் நஞ்சே மூலம். இக்கிருமி பலருடைய உடலிலும் தீங்கின்றி வாழ்வது. ஆயினும் டாம்பனோடு உள்ளே செல்லும் காற்றும், நெடுநேரம் தங்கும் உதிரமும் அது நஞ்சை உண்டாக்க இடங்கொடுக்கின்றன.

1980 மே மாதத்தில் நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் 55 நோயாளரைப் பற்றி அறிவித்தது. ஏறக்குறைய அனைவரும் பெண்கள். ஜூன் மாதத்தில் டாம்பனுடனான தொடர்பு வெளிப்பட்டது. செப்டெம்பர் 22ஆந் திகதி றிலை சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்டது. அவ்வாண்டில் மாதவிடாயோடு தொடர்புடையனவாக அறிவிக்கப்பட்டவை 800க்கு மேற்பட்டன. 38 பெண்கள் மாண்டனர். இளவயதினரும் அவர்களுள் இருந்தனர்.

ஒரு கம்பனியின் 'சாதாரணம்' மற்றொன்றின் 'மிகை'யிலும் கூடுதலாக உறிஞ்சிய விந்தையும் அக்காலத்தில் இருந்தது. எத்தனை கிராம் உறிஞ்சும் என்பதைக் கொண்டு பெயரிடும் பொதுவிதி 1990இலேதான் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 6 முதல் 9 கிராம் வரை சாதாரணம். 9 முதல் 12 வரை மிகை.

இன்று வைத்தியர் கூறும் நடைமுறைகள் அந்த அனுபவத்தின் பயனே. உதிரப்போக்குக்குப் போதுமான, மிகக் குறைந்த உறிஞ்சுதிறனுடையதையே தேர்தல் வேண்டும். முதல்நாளுக்கு வேண்டியது கடைசிநாளுக்கு வேண்டியதன்று. பல மணி கழித்து எடுக்கும்போது சுருள் உலர்ந்து இழுபடுமாயின், அது தேவைக்கு மிஞ்சியது. நான்கு முதல் எட்டு மணிக்குள் மாற்றுதல் வேண்டும். எட்டு மணிக்கு மேற்படுதல் ஆகாது. அதற்கு மேல் உறங்குவோர் இரவில் சுகாதாரத் துவாயை அணிதல் நன்று. வைப்பதற்கு முன்னும் பின்னும் கைகழுவுதல் வேண்டும்; உதிரமில்லாத நாளில் வைத்தல் கூடாது; கடைசிச் சுருளை எடுக்க மறத்தலும் கூடாது.

இந்நோய் இன்று மிக அரிது. வந்தாலோ விரைந்து முற்றுவது. திடீர்க் கடுங்காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம், தலைச்சுற்று, வெயிலிற் காய்ந்தாற்போன்ற தோற்சிவப்பு ஆகியன அதன் குறிகள். இவை தோன்றின் உடனே சுருளை அகற்றி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். டாம்பன் வைத்திருந்ததை வைத்தியரிடம் நாணாது சொல்லவேண்டும். ஒருமுறை வந்தவர்க்கு மீண்டும் வரக்கூடுமாதலால், அவர்கள் பின்னர் டாம்பனைத் தொடலாகாது என்பர்.