25 சதமும் ஓர் அமெரிக்கப் பரிசோதனையும்

போன மாதம் எங்கட வகுப்பில் ஒரு வாக்குவாதம். "இலவசம் எண்டதாலதான் சனம் சும்மா தடிமனுக்கும் இருமலுக்கும் ஆஸ்பத்திரிக்கு ஓடி வருது. ஆளுக்கு நூறு ரூபா வாங்கிப் பாருங்கோ, உண்மையான வருத்தக்காரர் மட்டும்தான் வருவினம்" எண்டு ஒரு நண்பன் சொன்னான். எங்களில் பாதிப்பேர் தலையாட்டினோம், பொய் சொல்லக்கூடாது. விடிய ஆறு மணிக்கு வரிசையில் நிண்டு துண்டு எடுத்து, பதினொரு மணிக்கு டொக்டரைக் கண்டு, இரண்டு நிமிசத்தில் வெளியில் வந்த அனுபவம் எங்கள் எல்லோருக்கும் இருக்கிறது. முன்னுக்கு நிக்கிற ஆள் தேவையில்லாமல் வந்தவர் எண்டுதான் அந்த நேரம் மனம் சொல்லும்.

ஆனால் இந்த யோசனை எங்கள் நண்பனின் கண்டுபிடிப்பு இல்லை. இலங்கை அதை ஒருமுறை செய்தே பார்த்தது.

1971 இல் அரச ஆஸ்பத்திரிகளின் வெளிநோயாளர் பிரிவில் 25 சதக் கட்டணம் வந்தது. அப்போது நிதியமைச்சராக இருந்தவர் என்.எம். பெரேரா. இதில் ஒரு கசப்பான வேடிக்கை இருக்கிறது. 1934–35 இல் மலேரியா கொள்ளைநோயாகப் பரவி ஏறத்தாழ 80,000 பேர் செத்தபோது, கிராமம் கிராமமாக மருந்தும் உணவும் கொண்டுபோன இளம் இடதுசாரிகளில் அவரும் ஒருவர். பருப்புக் கொடுத்ததால் சனம் அவரைப் 'பருப்பு மஹத்தயா' எண்டே கூப்பிட்டது. 1931 இல் எல்லோருக்கும் வாக்குரிமை கிடைத்திருந்தது, அடுத்த சில வருசத்தில் இந்த மரணங்கள். ஆஸ்பத்திரி கேட்டுச் சனம் வாக்குப் போடத் தொடங்கினதும், ஊர் ஊராக அரச வைத்தியசாலைகள் எழும்பினதும் அதுக்குப் பிறகுதான். அந்தக் காலத்தின் பிள்ளையான ஒருவர் நிதியமைச்சராக இருக்கும்போதே 25 சதம் வந்தது. திறைசேரியில் காசில்லை, அந்நியச் செலாவணி இல்லை. காரணங்கள் எங்களுக்கும் பழக்கமானவைதான்.

25 சதம் அந்தக் காலத்திலும் பெரிய காசில்லை. எண்டாலும் வெளிநோயாளர் வரவு சட்டெண்டு விழுந்தது. 1977 இல் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். ஆனால் வராமல் போனவர்கள் யார்? தடிமன்காரரா, நெஞ்சு நோவுக்காரரா? வரவைக் குறிக்கிற பதிவுப் புத்தகத்தில், வராத ஆளுக்கு ஒரு வரியும் இல்லை.

வராத ஆளையும் சேர்த்து எண்ணின ஆய்வு ஒண்டு அதே தசாப்தத்தில் அமெரிக்காவில் தொடங்கியது. அங்கே 1965 இல் முதியவர்களுக்கு மெடிகெயர், ஏழைகளுக்கு மெடிகெய்ட் வந்திருந்தன. எழுபதுகளின் தொடக்கத்தில் முழு நாட்டுக்கும் சுகாதாரக் காப்புறுதி வேண்டுமா எண்டு பெரிய விவாதம். வந்தால் முழுக்க இலவசமா, நோயாளியும் பங்கு கட்டுவதா? காப்புறுதி உள்ளவனையும் இல்லாதவனையும் ஒப்பிட்டு விடை சொல்ல ஏலாது. வருத்தம் வரும் எண்டு பயந்தவன்தானே முந்திப் போய்க் காப்புறுதி எடுக்கிறான். ஆகவே ராண்ட் நிறுவனமும் ஜோசப் நியூஹவுஸ் எண்ட பொருளியலாளரும், மத்திய அரசின் காசில், சீட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு பரிசோதனையைத் தொடங்கினார்கள்.

1974 முதல் 1982 வரை அது நடந்தது. ஆறு இடங்கள், ஏறத்தாழ 2,750 குடும்பங்கள், 7,700 பேர். எந்தக் குடும்பத்துக்கு எந்தத் திட்டம் எண்டதைக் குலுக்கல் தீர்மானித்தது. சிலருக்கு வைத்தியம் முழு இலவசம். மற்றவர்கள் செலவில் 25, 50 அல்லது 95 வீதம் தாங்களே கட்டவேண்டும். ஆனால் யாரும் வருசத்துக்கு ஆயிரம் டொலருக்கு மேல் கட்டத் தேவையில்லை. வருமானம் குறைந்தவருக்கு அந்த எல்லை இன்னும் கீழே. அதாவது வைத்தியச் செலவால் ஒரு குடும்பமும் நடுத்தெருவுக்கு வராது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கோ.

முதல் முடிவு எங்கள் நண்பனுக்குச் சாதகமானது. 95 வீதம் கட்டவேண்டியவர்களின் வைத்தியச் செலவு, இலவசக்காரர்களின் செலவைவிட ஏறத்தாழ 30 வீதம் குறைவு. சராசரி ஆளின் உடல்நலத்தில் பெரிய வித்தியாசமும் தெரியவில்லை. அமெரிக்க முதலாளிமாரும் காப்புறுதிக் கம்பனிகளும் இந்த இடத்தோடு வாசிப்பை நிறுத்தினமாதிரித்தான் படுகிறது. எண்பதுகளில் நோயாளியின் பங்கு அங்கே ஏறிக்கொண்டே போனது.

மிச்சத்தையும் வாசித்தபோதுதான் எங்களுக்கு உறைத்தது. குறைந்தது எந்த வைத்தியம்? தேவையானதும் தேவையில்லாததும் கிட்டத்தட்ட ஒரே அளவில் குறைந்திருந்தன. ஆஸ்பத்திரியில் அனுமதிக்கப்பட்டவர்களின் பதிவுகளை வைத்தியர்கள் பிறகு ஆராய்ந்து பார்த்தார்கள். தேவையில்லாத அனுமதி இலவசக்காரரிடம் 24 வீதம், காசு கட்டினவரிடம் 22 வீதம். காசு கட்டினவர் கவனமாகத் தெரிவு செய்து வந்தார் எண்டு சொல்ல இந்த எண்களில் இடமே இல்லை. டொக்டரிடம் ஒருக்கா போய்ச் சேர்ந்தபிறகு நடந்த வைத்தியம் எல்லோருக்கும் அநேகமாக ஒண்டுதான். வித்தியாசம் வீட்டு வாசலில், போவமா விடுவமா எண்ட இடத்தில் நடந்தது. நெஞ்சு நோ வாயுவா மாரடைப்பா எண்டு அந்த இடத்தில் யாருக்குத் தெரியும்? அதைக் கேட்கத்தானே டொக்டரிடம் போறது.

சராசரிக்குள் இன்னொண்டும் ஒளிந்திருந்தது. வருமானம் குறைந்த, உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இலவச வைத்தியம் கிடைத்தபோது அழுத்தம் நல்லாக் கட்டுப்பட்டது. ஆபத்து அதிகமுள்ளவர்கள் சாகும் வாய்ப்பு இதனால் ஏறத்தாழ 10 வீதம் குறையும் எண்டு 1983 இல் கணக்கிட்டார்கள். இதற்குப் புது மருந்தோ பெரிய மெசினோ காரணமில்லை. அவர்கள் டொக்டரிடம் அடிக்கடி போனார்கள், போன இடத்தில் பிரஷர் பார்த்தார்கள், இருக்கிறது எண்டு தெரியவந்தது. பெரும்பாலும் அவ்வளவுதான். தடிமனுக்கு 'சும்மா' போன ஆளுக்கும் பிரஷர் பிடிபட்டிருக்கலாம்.

ஆய்வில் குறைகள் உண்டு. 62 வயதுக்கு மேற்பட்டவர்களைச் சேர்க்கவில்லை. காசு கட்டவேண்டிய திட்டங்களில் இருந்து இடையில் விலகினவர்கள் கூட, அதனால் முடிவுகள் சாய்ந்திருக்கும் எண்டு பின்னாளில் விமர்சனமும் வந்தது. அமெரிக்க நகரங்களை இஞ்ச அப்பிடியே பொருத்தவும் ஏலாது. ஆனால் பொருந்தாத பக்கம் எங்களுக்குத்தான் பாதகம். அங்கே ஒரு உச்ச எல்லை இருந்தது. எங்களிடம் இல்லை. இலவச சுகாதாரம் எண்டு பெருமையாகச் சொல்கிற இந்த நாட்டில் மொத்தச் சுகாதாரச் செலவின் 40 வீதத்துக்கு மேல் சனத்தின் கையில் இருந்துதான் போகிறது: சனல் பண்ணுற காசு, ஸ்கேன் காசு, வெளியில் வாங்குற மருந்து. அரச ஊழியருக்கு அக்ரஹார இருக்கிறது, சில கம்பனிகள் தங்கள் ஆட்களுக்குக் காப்புறுதி எடுத்துக் கொடுக்கும். மீன் விற்கிறவருக்கும் தோட்டத்தில் கூலிக்கு நிற்கிறவருக்கும் அதுவும் இல்லை.

2022 இல் மருந்துத் தட்டுப்பாடு வந்தபோது எங்களில் ஒருத்தியின் அம்மம்மாவுக்குக் கிளினிக்கில் பிரஷர் குளிசை கிடைக்கவில்லை. துண்டு எழுதிக் கொடுத்து வெளியில் வாங்கச் சொன்னார்கள். பார்மசியில் ஒரு கார்ட் வாங்கப் போனவ, விலையைக் கேட்டிட்டு அரைக் கார்ட் வாங்கிக்கொண்டு வந்தா. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டா. அடுத்த கிளினிக்கில் "குளிசை ஒழுங்கா போடுறீங்களா அம்மா?" எண்டு கேட்க, "ஓம்" எண்டு சொன்னா. கிளினிக் கொப்பியில் அப்படியே எழுதியும் இருக்கிறது.